அறுபது பேர் வகுப்பில் ஆறு இடங்கள்

மகாராஷ்டிர மாநிலத் தொழில்நுட்பக் கல்வி வாரியத்தின் டிப்ளமோ தேர்வு முடிவுகள் வெளியானதும் தாராவியிலும் செம்பூரிலும் உள்ள உழைப்பாளர் குடும்பங்களில் ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழுகிறது. மூன்றாண்டு மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பிள்ளை வேலைக்குப் போவதா, பொறியியல் பட்டப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்வதா? குடும்பம் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் போல இது தோன்றும். உண்மையில் அதன் விடை பெரும்பாலும் வேறிடங்களில் முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் விதிகளிலும், மாநில அரசின் கட்டணக் கொள்கையிலும், சாதிச் சான்றிதழ் அலுவலகத்தின் கோப்புகளிலும் அது இருக்கிறது.

பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக் என்பது இந்த நாட்டில் தொழிலாளி வர்க்கம் தேர்ந்தெடுக்கும் பாதை. பன்னிரண்டாம் வகுப்பு, நுழைவுத் தேர்வு, அதற்கான தனிப்பயிற்சி என்று இரண்டு ஆண்டுகள் பணத்தைக் கொட்ட முடியாத குடும்பம், பதினெட்டு பத்தொன்பது வயதில் பிள்ளை கையில் ஒரு தொழிலோடு நிற்க வேண்டும் என்று எண்ணி டிப்ளமோவில் சேர்க்கிறது. மேற்படிப்பு ஆசை அங்கே கைவிடப்படுவதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அந்த ஆசைக்கு அரசு வைத்திருக்கும் ஒரே நேரடி வழிதான் இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை. டிப்ளமோவில் 45 சதவீதமும், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதமும் பெற்றிருந்தால் விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வு கிடையாது. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை.

கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும். அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 சதவீதம் மட்டுமே இப்படி வருவோருக்குக் கூடுதலாக ஒதுக்கப்படுகிறது. அறுபது பேர் படிக்கும் வகுப்பில் ஆறு இடங்கள். முன்பு இது 20 சதவீதமாக இருந்தது. பின்னர் பாதியாக வெட்டப்பட்டது. இதனோடு, முதலாம் ஆண்டில் நிரம்பாமல் போன இடங்களையும் டிப்ளமோ மாணவர்களுக்குக் கொடுக்கலாம் என்கிறது விதி. தாராளமாகத் தெரியும் இந்த இரண்டாவது பகுதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. குறைந்த கட்டணமும் நல்ல ஆய்வகமும் உள்ள அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் முதலாண்டு இடங்கள் காலியாவதில்லை. எனவே அங்கே ஆறு என்பது ஆறுதான். இடங்கள் காலியாவது கட்டணம் அதிகமாகவும் தரம் குறைவாகவும் உள்ள தனியார் கல்லூரிகளில். ஆக, அரசு பாலிடெக்னிக்கில் குறைந்த செலவில் படித்து வந்த ஒரு தொழிலாளியின் பிள்ளை, பட்டப்படிப்பு என்று வரும்போது, தனியார் முதலாளி நிரப்ப முடியாமல் வைத்திருக்கும் நாற்காலியை நிரப்ப அனுப்பப்படுகிறான்.

இது நடக்கும் ஊரைக் கவனிக்க வேண்டும். மாட்டுங்காவில் உள்ள வி.ஜே.டி.ஐ. நாட்டின் பழமையான தொழில்நுட்ப நிறுவனங்களில் ஒன்று. விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டி 1887இல் பைக்குலாவில் தொடங்கப்பட்டது. 1923இல் மாட்டுங்காவுக்கு வந்தது. 1997இல் வீரமாதா ஜீஜாபாய் பெயரைப் பெற்றது. ஆலை அதிபர் தின்ஷா பெட்டிட் கொடுத்த சொத்தில் அது உருவானதற்குக் காரணம் கல்வி மீதான காதல் மட்டும் அல்ல. பம்பாய்ப் பஞ்சாலைகளுக்கு மேற்பார்வையாளர்களும் இயந்திரப் பராமரிப்பாளர்களும் தேவைப்பட்டனர். லங்காஷயரிலிருந்து வெள்ளைக்காரர்களை வரவழைப்பது செலவு பிடித்த காரியமாக இருந்தது. அங்கு முதலில் வழங்கப்பட்டவை பட்டங்கள் அல்ல, இயந்திரவியலிலும் நெசவுத் தொழில்நுட்பத்திலும் லைசென்ஷியேட் டிப்ளமோக்களே. பட்டப்படிப்பு வெகுகாலம் கழித்து வந்தது. டிப்ளமோவுக்காகப் பிறந்த நிறுவனத்தின் பட்டப்படிப்பில் டிப்ளமோ மாணவருக்கு இன்று கிடைப்பது பத்தில் ஒரு பங்கு. ஆலைகள் நின்ற நிலத்தில் இப்போது வணிக வளாகங்கள் நிற்கின்றன என்பது வேறு கதை. 1982 வேலைநிறுத்தத்தை அறிந்த தோழர்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தாராவியிலிருந்து வி.ஜே.டி.ஐ.க்கு நடந்தே போய்விடலாம். மித்தி ஆற்றின் மறுபுறம் பாந்திரா கிழக்கில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. செம்பூரில் விவேகானந்தர் கல்விச் சங்கத்தின் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. பிரிவினையில் வீடிழந்து வந்த சிந்தி மக்கள் தங்கள் முயற்சியால் கட்டியெழுப்பிய நிறுவனங்கள் அவை. சிந்தி மொழிச் சிறுபான்மைத் தகுதி பெற்றவை. செம்பூரைச் சுற்றி பாபா அணு ஆராய்ச்சி மையம், ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் உரத் தொழிற்சாலை, மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகள். படிப்புக்கும் வேலைக்கும் தூரம் ஒரு தடையே அல்லாத பகுதி இது. ஆயினும் தடை இருக்கிறது. அணு ஆராய்ச்சி மையத்தில் டிப்ளமோ படித்தவர் விஞ்ஞான உதவியாளராக நுழைகிறார். பட்டம் படித்தவர் பயிற்சிப் பள்ளி வழியாக விஞ்ஞான அதிகாரியாக நுழைகிறார். ரயில்வேயில் டிப்ளமோவுக்கு இளநிலைப் பொறியாளர் பதவி, தொடக்க அடிப்படை ஊதியம் 35,400 ரூபாய். பட்டத்துக்கு முதுநிலைப் பிரிவுப் பொறியாளர் பதவி, 44,900 ரூபாய். ஒரே பட்டறை, ஒரே இயந்திரம், இருவேறு வாழ்க்கை. தனியார் துறையிலும் ஒப்பந்த முறையிலும் இந்த இடைவெளி இன்னும் பெரியது. அங்கே டிப்ளமோ படித்தவரைப் பயிற்சியாளர் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் உதவித்தொகைக்கு வேலை வாங்குவது வழக்கமாகிவிட்டது.

மும்பையின் தமிழ் உழைப்பாளிகளுக்கு இதற்கு மேலும் ஒரு கதவு மூடப்பட்டிருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து தாராவியைத் தங்கள் உழைப்பால் உருவாக்கியவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மும்பையில் பிறந்து, மும்பையில் படித்து, மராத்தியும் இந்தியும் சரளமாகப் பேசுகிறவர்கள். ஆனால் மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிக்கான இடஒதுக்கீடு பெற, குடும்பம் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே இந்த மாநிலத்தில் குடியிருந்ததை மெய்ப்பிக்க வேண்டும். இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. அதற்குப் பின் வந்தவரின் பிள்ளை ஊரில் தீண்டாமைக்கு ஆளான அதே சாதியைச் சேர்ந்தவராக இருந்தாலும், இங்கே சேர்க்கைப் பட்டியலில் பொதுப்பிரிவு.

இது வெறும் அலுவலகக் கெடுபிடி அல்ல. உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990இல் அளித்த தீர்ப்பு இதன் அடித்தளம். அந்த வழக்கு எழுந்ததே மும்பையில்தான். ஆந்திரத்தில் பழங்குடியாக அங்கீகரிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவர், பழங்குடி ஒதுக்கீட்டிலேயே பொதுத்துறை உர நிறுவனத்தில் வேலை பெற்று மும்பைக்கு வந்தார். அவருடைய மகன் இங்கேயே படித்து வளர்ந்து, சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பழங்குடி இடம் கேட்டபோது மறுக்கப்பட்டது. ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ள சமூகம் அந்த மாநிலத்தைப் பொறுத்தவரையில்தான் பட்டியல் சமூகம் என்றது நீதிமன்றம். 1994இலும், பின்னர் 2018இல் டெல்லி குடிநீர் வாரிய வழக்கிலும் அதே நிலை உறுதி செய்யப்பட்டது. இதில் ஒரு வாதம் இருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தின் ஒடுக்கப்பட்ட மக்களுக்கான பங்கை வெளியிலிருந்து வருவோர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே அது. மராத்தியத் தலித் இயக்கம் போராடிப் பெற்ற உரிமையைக் குறைப்பது எவருடைய கோரிக்கையும் அல்ல. அப்படிக் காட்டி இரு தரப்பு ஏழைகளையும் மோதவிட முனைவோரிடம் எச்சரிக்கை தேவை. ஆனால் 1990 தீர்ப்பே, இத்தகையோரின் நிலையைப் பாராளுமன்றம் பரிசீலித்துச் சட்டம் செய்வது நல்லது என்ற கருத்தையும் தெரிவித்தது. முப்பதாண்டுகளுக்கு மேலாகியும் மாறி மாறி வந்த ஒன்றிய அரசுகள் அதைத் தொடவில்லை. இடம்பெயர்ந்தோருக்கென மாநிலப் பங்கைத் தொடாமல் கூடுதல் இடங்களை உருவாக்க முடியும். காஷ்மீரிலிருந்து இடம்பெயர்ந்தோருக்குக் கல்லூரிகளில் கூடுதல் இடம் தருவதை இதே நாடு பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது.

1950க்கு முன்பே வந்த குடும்பங்களுக்கும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. குடிசைக்கு ஏது பட்டா? தோல் ஷாப்பில் வேலை பார்த்தவருக்கு யார் நியமன ஆணை கொடுத்தார்கள்? தீயிலும் வெள்ளத்திலும் இடிப்பிலும் போன காகிதங்களுக்குச் சான்று கேட்கிறது அலுவலகம். சான்றிதழ் கிடைத்தாலும் அதைச் சரிபார்ப்புக் குழு உறுதிசெய்ய வேண்டும். அந்த உறுதிச் சான்று உரிய நாளுக்குள் வராவிட்டால் ஒதுக்கீட்டு இடம் பறிபோகும். ஆறு இடங்களுக்கு நடக்கும் போட்டியில் ஒரு காகிதம் தாமதமாவது என்பது ஓராண்டை இழப்பது.

கட்டணத்தில் சில சலுகைகள் உண்டு. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணத்தில் பாதியை மாநில அரசின் சாகு மகாராஜ் திட்டம் ஏற்கிறது. 2024இல் பொருளாதாரத்தில் நலிந்த, பிற்படுத்தப்பட்ட பிரிவுகளின் மாணவியருக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி என அரசு ஆணையிட்டது. இவை போராட்டங்களின் அழுத்தத்தில் வந்தவை, வரவேற்கத்தக்கவை. ஆனால் மையப்படுத்தப்பட்ட சேர்க்கை வழியாகச் சேர்ந்தால்தான் இவை கிடைக்கும். கடைசிச் சுற்றில் இடம் கிடைக்காமல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்கிறவருக்கு, அதாவது மிகவும் தேவைப்படுகிறவருக்கு, எதுவும் இல்லை.

சேர்ந்த பின்னும் சோதனை ஓய்வதில்லை. டிப்ளமோ பாடத்திட்டத்தில் கணிதம் பெரும்பாலும் முதலாண்டோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் கடைசல் இயந்திரம், வரைபடம், பட்டறைப் பயிற்சி. இவற்றில் பன்னிரண்டாம் வகுப்பு வழியாக வந்த மாணவரைவிட டிப்ளமோ மாணவர் பலபடி மேலே நிற்கிறார். ஆனால் பட்டப்படிப்பின் மூன்றாம் பருவத்தில் அவர் நுழையும்போது லாப்லாஸ் உருமாற்றமும் ஃபூரியர் தொடரும் காத்திருக்கின்றன. அவற்றுக்கு அடித்தளமான முதலாண்டுக் கணிதம் அவருக்குக் கற்பிக்கப்படவே இல்லை. போதாக்குறைக்கு, சேர்க்கைச் சுற்றுகள் இழுத்துக்கொண்டே போவதால், வகுப்புகள் தொடங்கிப் பல வாரங்கள் கழித்தே அவர் உள்ளே வருகிறார். பின்னர் அவர் தோற்றால் 'டிப்ளமோ பையன்கள் கணக்கில் சோடை' என்று பேசிவிட்டுப் போவது எளிது. தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, இடையில் மொழி மாறி, ஆங்கிலத்தில் டிப்ளமோ முடித்த மாணவருக்கு இந்தச் சுமை இருமடங்கு.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 1960இல் வகுத்த உயர்கல்வித் திட்டத்தில், சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்தவர் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறுவது திட்டத்தின் அங்கமாகவே வைக்கப்பட்டது. எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று இரு நிறுவனங்களும் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே இது சாத்தியமாயிற்று. அங்கும் கட்டண உயர்வு அதை அரித்துவிட்டது என்பது உண்மை. இந்தியாவில் சமுதாயக் கல்லூரி என்ற பெயர் 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பல இடங்களுக்குப் பரவியது. ஆனால் பட்டப்படிப்புக்கு மாறும் பாலம் அதனோடு வரவில்லை. இன்னும் துணிச்சலான முன்மாதிரி சோவியத் நாட்டில் இருந்தது. 1919இல் மாஸ்கோவில் தொடங்கப்பட்ட 'ரப்ஃபாக்' என்ற தொழிலாளர் கல்விப் பிரிவுகள், பள்ளிப் படிப்பே முடிக்காத ஆலைத் தொழிலாளரையும் விவசாயிகளையும் பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்தன. உள்நாட்டுப் போரின் பஞ்ச காலத்தில் அதைச் செய்தார்கள்! தயாரிப்புப் பொறுப்பை மாணவர் தலையில் போடாமல் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது என்பதே அதன் சிறப்பு. வி.ஜே.டி.ஐ.யோ மும்பைப் பல்கலைக்கழகமோ ஜூன், ஜூலை மாதங்களில் ஆறு வாரக் கணித வகுப்பை இலவசமாக நடத்துவதற்குப் புரட்சி தேவையில்லை.

வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் பெறும் வழிகளும் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. 1920இல் நிறுவப்பட்ட இந்தியப் பொறியாளர் நிறுவனம் நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வு, பல தலைமுறை டிப்ளமோ தொழிலாளர்களை இரவு விளக்கில் படித்துப் பொறியாளராக்கியது. 2013 மே 31க்குப் பின் அதில் பதிவு செய்தவர்களுக்குப் பட்டத்துக்கு இணையான அங்கீகாரம் இல்லை என்றாகிவிட்டது. தொலைதூரக் கல்வி வழியாக நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வழங்கிய பொறியியல் பட்டங்கள் செல்லாது என 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆய்வகமே இல்லாமல் பட்டம் விற்ற நிறுவனங்களைத் தடுத்தது சரியே. பணம் கட்டி ஏமாந்த தொழிலாளிக்கு மாற்று என்ன என்பதை அரசு யோசிக்கவில்லை. 2023இல்தான் பணியில் இருப்போருக்கான மாலைநேர வகுப்புகளை ஏஐசிடிஇ அனுமதித்தது. அதற்கும் பதிவுபெற்ற நிறுவனத்தில் வேலை பார்ப்பதற்கான சான்று வேண்டும். தாராவியின் பட்டறைகளில் எத்தனை பேருக்கு அப்படியொரு காகிதம் கிடைக்கும்? கோவையில் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகள் பகுதிநேர பி.இ. வகுப்புகளை நீண்டகாலம் நடத்தி, ஆலைகளிலும் மோட்டார் பம்பு தொழிற்கூடங்களிலும் வேலை செய்தோரைப் பொறியாளராக்கிய அனுபவம் தமிழகத்தில் உண்டு. மும்பையின் பொது நிறுவனங்கள் அதைப் பின்பற்றத் தடை எதுவும் இல்லை.

புதிய கல்விக் கொள்கை 2020 இந்த இடத்தில் என்ன செய்கிறது? எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம், மதிப்பெண் அலகுகள் வங்கியில் பத்திரமாக இருக்கும் என்கிறது. வெளியேறுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. வறுமையே அனுமதி கொடுத்துவிடும். திரும்பி வரும்போது இடம் வேண்டும், கட்டணம் வேண்டும். அவற்றுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கீடு இல்லாத நிலையில் அலகு வங்கி என்பது பணம் எடுக்க முடியாத வங்கி. இதற்கிடையே 2024-25 முதல் தரமான கல்லூரிகள் எத்தனை இடங்களை வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம் என உச்சவரம்பை ஏஐசிடிஇ நீக்கிவிட்டது. விளைவு எதிர்பார்த்ததுதான். தனியார் கல்லூரிகள் கணினிப் பிரிவுகளைப் பெருக்குகின்றன. ஆய்வகச் செலவு அதிகமான மெக்கானிக்கல் பிரிவு சுருங்குகிறது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர் போய்ச் சேர்வதற்கான வகுப்பறைகளே குறைந்து வருகின்றன. 'இந்தியாவில் தயாரிப்போம்' என்று முழங்கும் அரசின் ஆட்சியில் இயந்திரம் செய்யக் கற்றுக்கொடுக்கும் துறை தேய்வது ஒரு முரண். அந்த முழக்கத்தை வகுப்பறையில் வைத்து எடைபோட்டுப் பார்க்கும் வாய்ப்பு பெற்றோருக்கு இப்போது கிடைத்திருக்கிறது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டமும் இதிலிருந்து விலகி நிற்கவில்லை. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தில் அதானி குழுமத்தின் கைக்குப் போன அந்தத் திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் இருந்ததை மெய்ப்பிப்பவர்களுக்கு மட்டுமே தாராவிக்குள் இலவச வீடு. மற்றவர்கள் முலுந்துக்கும், தேவனார் குப்பைமேட்டுக்கும், மால்வணிக்கும் அனுப்பப்படும் வாய்ப்பே அதிகம். நடந்து போகும் தூரத்தில் அரசுக் கல்லூரி இருப்பது ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எத்தனை பெரிய சொத்து என்பதைத் திட்ட வரைபடம் கணக்கில் எடுப்பதில்லை. காலையில் வகுப்பு, மாலையில் பட்டறை வேலை என்று சமாளித்துப் படிக்கும் மாணவர் மால்வணியிலிருந்து மாட்டுங்காவுக்கு வந்து போக நாளில் மூன்று மணி நேரத்தை ரயிலிலும் பேருந்திலும் தொலைப்பார். வேலை போகும், அல்லது படிப்பு போகும்.

அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளில் டிப்ளமோ வழிச் சேர்க்கையை மீண்டும் 20 சதவீதமாக்குவது, கூடுதல் இடங்களுக்கு உரிய ஆசிரியர்களை நியமிப்பது, சேர்க்கையை வகுப்பு தொடங்கும் முன்பே முடிப்பது ஆகியவை ஒன்றிய, மாநில அரசுகள் ஓர் ஆணையில் செய்யக்கூடியவை. இடம்பெயர்ந்த பட்டியல் சமூகத்தினருக்கான சட்டம் பாராளுமன்றத்தில் எழுப்பப்பட வேண்டியது. இடதுசாரி உறுப்பினர்கள் அதைத் தனிநபர் மசோதாவாகவேனும் முன்வைக்க முடியும். மராத்தியத் தலித் அமைப்புகளோடு முன்னதாகப் பேசி, அவர்களுடைய ஐயங்களைத் தீர்த்து, கூட்டுக் கோரிக்கையாக அதை வடிப்பது மும்பைத் தோழர்களின் பொறுப்பு. அந்தப் பேச்சை மராத்தியில் நடத்த வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாத வேலையும் இருக்கிறது. இறுதியாண்டு டிப்ளமோ மாணவர்கள் உள்ள வீடுகளைத் தாராவி, செம்பூர், மாட்டுங்கா தொழிலாளர் முகாம் பகுதிக் கிளைகள் இப்போதே கணக்கெடுக்க வேண்டும். தாத்தாவின் பள்ளி விடுகைச் சான்று, பழைய ரேஷன் அட்டை, 1950க்கு முந்திய பிறப்பு அல்லது திருமணப் பதிவு, ஊரிலுள்ள சாதிச் சான்று என எது கிடைத்தாலும் அதன் நகலைச் சேர்த்து, சரிபார்ப்புக் குழுவுக்கான விண்ணப்பத்தைச் சேர்க்கை அறிவிப்பு வரும்வரை தள்ளிப்போடாமல் ஆறாம் பருவம் தொடங்கும்போதே கொடுத்துவிட வேண்டும். பொறியியல் கல்லூரிகளில் பணியாற்றும் தோழர்கள் கோடை விடுமுறையில் கணித வகுப்பெடுக்க முன்வந்தால், அதற்கான இடத்தைத் தொழிற்சங்க அலுவலகங்கள் மாலை வேளைகளில் தர வேண்டும்.